குப்பியில் அளந்த பெட்ரோல்

எண்பதுகளில், மட்டாஞ்சேரியில் கடை கடையாக மிளகு கொண்டுபோய்க் கொடுக்க ஒரு புது மொபெட் வாங்கினேன். ஒரு லிட்டருக்கு விளம்பரம் சொன்ன தூரத்தில் பாதிதான் ஓடியது. சர்வீஸ் செய்யும் யூசுப்தான் பெட்ரோலை உறிஞ்சுகிறான் என்று முடிவுகட்டி, கொச்சங்காடித் தெருவில் அவன் பட்டறை வாசலில் நாலு பேர் பார்க்க, "கள்ளன்!" என்று கத்திவிட்டேன்.

யூசுப்பின் முகம் வெளுத்தது. ஒரு குப்பியில் பெட்ரோலை அளந்து ஊற்றினான். டாங்கியை அடைத்துவிட்டு, குப்பியின் குழாயை எஞ்சினில் மாட்டினான்.

"மூட்டையை இறக்குங்க அண்ணாச்சி. ஆளில்லாத ரோட்ல, ஒரே வேகத்துல நீங்களே ஓட்டுங்க."

ஓட்டினேன். குப்பி காலியானபோது மீட்டரைப் பார்த்தால், விளம்பரக் கணக்கு ஏறக்குறைய வந்திருந்தது! திரும்பி வந்து, அதே அளவு ஊற்றி, மூட்டையை ஏற்றிக்கொண்டு பஜார் நெரிசலில் நின்று நின்று போனேன். பாதித் தூரத்திலேயே குப்பி காலியாகி எஞ்சின் அணைந்தது. யூசுப்பிடம் திரும்பி வந்தேன்.

"விளம்பரத்துக்கு ஓட்டினவன் மூட்டை ஏத்தலை, கேட்டோ அண்ணாச்சி" என்றான் யூசுப், மலையாளம் கலந்து. மன்னிப்புக் கேட்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் அதற்காகவே போனேன். எனக்கு முன்னால் வந்த ஒருவர், யூசுப்பிடம் ஸ்கூட்டரை விடும் முன், டாங்கிக்குள் குச்சியை விட்டு அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கத்தியதைத் தெருவே கேட்டது. குப்பி காட்டிய கணக்கைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.