கொத்தனார் சீட்டு

சீட்டுகளுக்கு முகப்பவுடர் போட்டுக்கொண்டிருக்கிறாள். அன்றாடம் காலையில் முதல் வேலை அதுதான். எழுபத்தெட்டுச் சீட்டையும் மேசையில் குவித்து, பவுடரை ஒரு சிட்டிகை தூவி, பழைய பனியன் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்குவாள். கைவியர்வை பட்ட சீட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; கலைக்கும்போது தடுக்கும். கலைக்கத் தடுமாறுகிற கையை யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. மூலைகளில் அழுக்கேறியிருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்ப்பாள். வருகிறவர்கள் மூக்கை உறிஞ்சிவிட்டு, 'உங்க ரூமுக்குள்ள வந்தாலே ஒரு தெய்வீக வாசனைங்க' என்பார்கள். பவுடர் வாசனைதான். அவள் மறுத்துச் சொன்னதில்லை.

கீழே சலவைக்கடை, மேலே இவளுடைய இரண்டு அறைகள். படியேறி வருகிறவர்கள் சோப்பு நீராவியில் பாதி வெந்துதான் வந்து சேருவார்கள். முன்னறையில் நான்கு நாற்காலிகள், ஒரு சின்ன அடுப்பு, இவள் தங்கை. உள்ளறையில் வட்ட மேசை, இரண்டு நாற்காலிகள், இவள். நடுவில் கனத்த நீலத் திரை. வாசல் பலகையில் இவள் படம் பெரிதாகவும், 'டாரட் சீட்டு ஆலோசனை' என்ற எழுத்து அதைவிடச் சிறிதாகவும் இருக்கும். சித்திரச் சீட்டை எடுக்கவைத்துப் பலன் சொல்வதுதான் தொழில். தெருவுக்கு இவள் கார்டக்கா. தங்கைக்கு அப்படியொரு பட்டம் எதுவும் கிடைக்கவில்லை. கார்டக்கா தங்கச்சி என்று சொன்னால் போதும் என்று தெரு முடிவு செய்துவிட்டது.

கார்டக்காவின் சொத்து அவள் குரல். தாழ்ந்த, அவசரமில்லாத குரல். சீட்டைத் திறந்ததும் பேசிவிடமாட்டாள். சீட்டைப் பார்ப்பாள், வந்தவரைப் பார்ப்பாள், திரும்பவும் சீட்டைப் பார்ப்பாள். அதற்குள் எதிரில் இருப்பவர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். பிறகு, 'உங்களுக்குத் தூக்கம் சரியில்ல' என்பாள். இந்தக் காலத்தில் யாருக்குத்தான் தூக்கம் சரியாக இருக்கிறது? ஆனாலும் வந்தவர் அசந்துபோவார். தனக்கென்று மட்டும் அவள் ஒருநாளும் சீட்டு எடுத்துப் பார்த்ததில்லை. கேட்டால், 'டாக்டர் தனக்குத் தானே ஊசி போட்டுக்குவாரா?' என்பாள். இதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வாள்.

அவள் அடித்துக்கொள்ளும் பெருமை ஒன்று உண்டு. 'நான் யார்கிட்டயும் ஒரு கேள்வி கேக்கமாட்டேன். நீங்க வாயே தொறக்க வேணாம். எல்லாம் கார்டு சொல்லும்.' இதில் பொய் கிடையாது. அவள் கேட்பதே இல்லை. கேட்கிறவள் தங்கை.

அதையும் கேட்பது என்று சொல்ல முடியாது. தேநீரை நீட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்து, 'இந்தப் படி ஏறினா எனக்கே மூச்சு வாங்குதுங்க' என்று தன் முழங்கால் வலியில் ஆரம்பிப்பாள். தேநீர் ஆறுவதற்குள் வந்தவர் தன் மாமியாரிலிருந்து மருமகன் வரை கொட்டித் தீர்த்திருப்பார். அடுத்த வீட்டுச் சண்டை என்றால் சின்னவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிற ரகம்; அதில் அவளுக்கு அலாதி ருசி. பிறகு, 'அக்கா தயாரான்னு பாத்துட்டு வரேன்' என்று திரைக்குள் நுழைந்து, பெரியவள் காதில் ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். 'ரெண்டு பொண்ணு, மூத்ததோட பேச்சு வார்த்தை இல்ல. கடை மூடியாச்சு, வீட்டுல சொல்லல. அழுகுற ஆளு. சீக்கிரம் அழவிட்டுடாத, அப்புறம் நீ சொல்றது எதுவும் காதுல ஏறாது.' என்ன சொல்ல வேண்டும் என்பதோடு எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துத் தருவாள். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். திரை விலகும்போதும் கண் மூடியே இருக்கும். வருகிறவர்கள் அதைத் தியானம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கார்டக்காவுக்குச் செல்லமான சீட்டு மூன்று காசுச் சீட்டு. ஒரு கல் மண்டபம்; தூணும் வளைவும் சேருகிற இடத்தில் மூன்று வட்டக் காசுகள் செதுக்கியிருக்கும். பலகைமேல் ஏறி நின்று கையில் சுத்தியலோடு ஒருவன் வேலை பார்ப்பான். அவனுக்கு எதிரே இரண்டு பேர். ஒருவர் துறவி; மற்றவர் நீண்ட அங்கியைப் போர்த்திக்கொண்டு கட்டடத்தின் வரைபடத்தை விரித்துப் பிடித்திருப்பார். வேலை செய்கிறவன், செய்யச் சொன்னவர், எப்படிச் செய்வதென்று வரைந்தவர். மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் மண்டபம் எழும்பாது. கூட்டு வேலைக்கும் கைத்திறனுக்கும் உள்ள சீட்டு என்று புத்தகங்களில் போட்டிருக்கிறது. தலைகீழாக வந்துவிட்டால் அப்படியே எதிர்மறை: கூட்டு கலையும், ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள், உழைத்தவருக்குப் பெயர் கிடைக்காது.

இந்தச் சீட்டு விழுந்துவிட்டால் கார்டக்காவின் குரல் இன்னும் ஒரு படி இறங்கும். விரலை அந்தச் சுத்தியல்காரன்மேல் வைப்பாள். 'இது யாரு தெரியுதா? இந்தக் கொத்தனாரு நீங்கதான். மத்த ரெண்டு பேரும் கீழ நின்னு பாக்குறாங்க பாருங்க. உங்க கை இல்லாம அங்க ஒரு கல்லு நகராது.' எல்லாருக்கும் இதேதான். வாழ்நாளில் ஓர் ஆணிகூட அடித்திராத நாற்காலிக் கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். மருமகள் சமைப்பதைக் குறை சொல்வதைத் தவிர வேறு தொழிலில்லாத ஓர் அம்மாள், 'நான் சொன்னா வீட்டுல யாரு நம்புறாங்க' என்று மூக்கைச் சிந்தினாள். எல்லாரும் கொத்தனார்தான். வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் அந்தப் படியேறி ஒருநாளும் வந்ததில்லை.

ஒருமுறை இது வினையாகப் போய்விட்டது. சேர்ந்து அச்சகம் நடத்திய இரண்டு பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்தார்கள். இரண்டு பேருக்கும் அதே சீட்டு விழுந்தது. இரண்டு பேரையும் கொத்தனார் ஆக்கி அனுப்பினாள் கார்டக்கா. மறுநாளிலிருந்து ஒருவர் இயந்திரத்தைத் தொடவில்லை, மற்றவர் ஆர்டர் பிடிக்கப் போகவில்லை. என் கை இல்லாமல் எப்படி ஓடுகிறது பார்க்கிறேன் என்று இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு நின்றார்கள். அச்சகம் மூடிக்கிடக்கிறது. சின்னவளுக்கு அதில் மனசு ஆறவில்லை.

'ரெண்டு பேரையும் கொத்தனாருன்னு சொல்லிட்டா சாந்து குழைக்கிறது யாருக்கா?'

'கார்டுல வந்ததச் சொன்னேன். வெளிய உக்காந்திருக்கிற உனக்கு என்ன தெரியும்?'

சின்னவள் கணவனை இழந்து ஒரே பெட்டியோடு வந்து சேர்ந்தவள். பெரியவள் கதவைத் திறந்துவிட்டாள், இல்லை என்று சொல்ல முடியாது. திறந்த கதவை அதன்பிறகு ஒருநாளும் மறக்கவிடவில்லை. சாப்பிடும்போது சொல்வாள், துணி மடிக்கும்போது சொல்வாள். அந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் வாரத்துக்கு ஒருத்தர் வந்தால் பெரிய விஷயம். இப்போது முன்னறையில் நாற்காலி போதவில்லை. இதற்குக் காரணம் கிரகங்கள் மாறியது என்று கார்டக்கா மனசார நம்பினாள். வந்தவர்கள் யாராவது தங்கையைப் பற்றிக் கேட்டால், 'பாவம், போக்கிடமில்ல. சும்மா கூடமாட ஒத்தாசைக்கு இருக்கா' என்பாள். நீலத் திரை எவ்வளவு கனமென்றாலும் துணிதானே. ஒவ்வொரு தடவையும் அது வெளியே கேட்டது.

அழகு நிலையம் நடத்துகிற ஒரு பெண் அடிக்கடி வந்துகொண்டிருந்தாள். உள்ளே போய்விட்டு வந்த பிறகும் கிளம்பமாட்டாள். முன்னறையில் உட்கார்ந்து சின்னவளோடு பேசிக்கொண்டிருப்பாள். ஒருநாள் வெளிப்படையாகவே கேட்டுவிட்டாள். 'உள்ள என்ன சொன்னாங்கன்னு படி எறங்கும்போதே மறந்துடுதுங்க. உங்ககிட்ட பேசினதுதான் மனசுல நிக்குது. நீங்க என்னோட வாங்க, ரெண்டு பேருமா சேந்து நடத்தலாம். போர்டுல உங்க பேரையும் போட்டுடறேன்.' சின்னவள் தேநீர்க் கோப்பையை எடுத்துக் கழுவப் போனாள். தன் பெயரைப் பலகையில் எழுதினால் எப்படி இருக்கும் என்று மட்டும் அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

அக்காவிடம் மறைக்கவும் இல்லை. கேட்டதும் கார்டக்கா வாய்விட்டுச் சிரித்தாள். முடி வெட்டுற இடத்துல உனக்கு என்னடி வேலை என்றாள். சிரிப்பு அடங்கியதும் உள்ளங்கை வியர்த்திருந்தது. இவள் போய்விட்டால் காதில் ஒப்பிக்க ஆளில்லை. எதிரில் வந்து உட்காருகிறவள் அழுகிற ஆளா, சண்டைக்கு வந்த ஆளா, பெண்ணைப் பெற்றவளா, பெண்ணைப் பறிகொடுத்தவளா, ஒன்றும் தெரியாது. அந்தக் குரல் இருக்கும்; சொல்ல ஒன்றும் இருக்காது. இது கார்டக்காவுக்கு நன்றாகத் தெரியும், வெகுநாளாகவே தெரியும். தெரிந்ததை ஒப்புக்கொள்வதற்குப் பதில் நாக்கைப் பிடுங்கிக்கொள்வாள்.

ஒருநாள் மதியம், யாரும் வராத நேரம். சின்னவள் திரையை விலக்கிக்கொண்டு வந்து, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

'எனக்கு ஒரு கார்டு பாரு.'

'பைத்தியமாடி உனக்கு?'

'கேக்குறேன்ல. அந்தப் பொண்ணோட சேந்து நடத்தலாமா வேணாமா? பாத்துச் சொல்லு.'

கார்டக்கா கலைத்தாள். சின்னவள் ஒன்றை உருவிக் கவிழ்த்தபடியே மேசையில் வைத்தாள். பெரியவள் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். மூன்று காசுச் சீட்டு, நேராக வந்திருந்தது. சேர்ந்து செய், உன் கைத்திறனை நாலு பேர் அறிவார்கள் என்று அர்த்தம். எப்போதும் புத்தகத்தில் பக்கம் புரட்டுவதுபோலப் பக்கவாட்டில்தான் அவள் சீட்டைத் திருப்புவாள். அன்றைக்கு மேல்விளிம்பைப் பிடித்துத் தன் பக்கமாகப் புரட்டினாள். கொத்தனார் தலைகீழாகத் தொங்கினான்.

சீட்டைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், திரும்பவும் சீட்டைப் பார்த்தாள்.

'தலைகீழா வந்திருக்குடி. இந்தக் கூட்டு நிலைக்காது. நாளெல்லாம் பாடுபடுறது நீயா இருப்ப, பேரு அவளுக்குப் போயிடும். ஊரே அவளத் தேடி வரும். உன்ன யாருன்னுகூட எவனும் கேக்கமாட்டான்...'

அங்கே நிறுத்திவிட்டாள். சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

'ஏன் நிறுத்திட்ட? நல்லாத்தான சொல்லிட்டிருந்த,' என்றாள் சின்னவள். 'இது இனிமே நடக்கப்போறதா, இங்க நடந்துட்டிருக்கிறதா?'

'விளையாடாத.'

சின்னவள் ஒற்றை விரலைச் சீட்டின்மேல் வைத்து மெதுவாகச் சுழற்றி நேராக்கினாள். 'நீ மேலேர்ந்து புரட்டினத நான் பாத்தேங்கா. திரை இடுக்குல தினமும் பாக்குற கைதான.' குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் பெரியவளுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். 'போகட்டும். வர்றவங்க போறவங்க எல்லாரையும் கொத்தனாருன்னு சொல்றியே. இதுல நான் யாருக்கா?'

நீதான்டி கொத்தனார் என்று சொல்லியிருக்கலாம். கைவிட்டு எதுவும் போகாது. நாற்காலிக் கடைக்காரருக்குச் சொன்னதுதான், மருமகளை வாட்டுகிற அம்மாளுக்குச் சொன்னதுதான். அவர்களிடம் எல்லாம் பொய்யாகச் சொன்னதை ஒரே ஒரு தடவை உண்மையாகச் சொன்னால் போதும். சின்னவள் இன்னும் பெட்டியைக்கூட எடுத்து வைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் வந்து உட்கார்ந்திருந்தாள். அதுவும் கார்டக்காவுக்குப் புரிந்தது. முகத்தைப் பார்த்து மனசைப் படிக்க அவளுக்கு உண்மையிலேயே வந்தது அந்த ஒரு தடவைதான். ஆனால் தங்கை கொத்தனார் என்றால், இத்தனை காலம் கீழே நின்று காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்? பனியன் துணியை எடுத்து, துடைத்த சீட்டுகளையே மறுபடியும் துடைத்தாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. முன்னறையில் யாரோ கனைத்தார்கள்.

'வெளிய யாரோ வந்திருக்காங்க,' என்றாள் கார்டக்கா. 'போய்ப் பாரு.'

சின்னவள் எழுந்து, நாற்காலியை மேசைக்கு ஒட்டித் தள்ளிவிட்டு வெளியே போனாள். பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. அலமாரிக் கதவு திறந்து மூடியது. வந்திருந்த பெண்மணி ஏதோ கேட்க, 'அக்கா உள்ளதான் இருக்காங்க. நீங்களே சொல்லுங்கம்மா' என்று சின்னவள் சொல்வது திரை வழியாகத் தெளிவாகக் கேட்டது. பிறகு படியில் இறங்குகிற காலடிகள். முழங்கால் வலிக்காரி, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினாள். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். தெருச் சத்தத்தில் காலடி கலக்கும்வரை கார்டக்கா வாயைத் திறக்கவில்லை.

மேசையில் அந்தச் சீட்டு தங்கை வைத்த மாதிரியே நேராக இருந்தது. 'உள்ள வாங்க' என்று அதே தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். திரை விலகுவதற்குள் கையை நீட்டி, சீட்டை மறுபடியும் தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.