பாரோவில் என்னை இறக்கிவிட்ட விமானம்

மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானிலிருந்து விமான நிலையம் போகும்போதே வாடகைக் கார் ஓட்டுநரிடம் சொல்லிவிட்டேன்: பூட்டானில் விமானம் ஓட்டும் மகனைப் பார்க்கப் போகிறேன், வேலையை விடச் சொல்லப் போகிறேன்.

"ஏன் ஆன்டி, நல்ல வேலதானே லா?" என்றார்.

நல்ல வேலைதான். ஆனால் பாரோ விமான நிலையம் ஏழாயிரம் அடிக்கு மேலே, சுற்றிலும் மலை. பொழுது சாய்ந்தால் விமானம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

பேங்காக்கில் விமானம் மாறிப் போய்ச் சேர்ந்தேன். மகன் கதிர் ஊரைச் சுற்றிக் காட்டினான், சிவப்பரிசிச் சோறும் சீஸ் போட்ட மிளகாய்க் கறியும் வாங்கித் தந்தான். வேலைப் பேச்சை எடுத்தால் மட்டும், "அம்மா, கெளம்புறப்பவே ஒரு இன்ஜின் நின்னுடும்னு வச்சுத்தான் நாங்க கணக்கு போடுவோம். மிச்ச ஒன்ன வச்சு எந்தப் பள்ளத்தாக்குல திரும்புறதுன்னு தரையிலயே முடிவு பண்ணிடுவோம்" என்றான். இவனே நின்றுவிடும் என்கிறானே என்று எனக்குப் பயம் கூடியதுதான் மிச்சம்.

திரும்பும் நாள் அவன் துணை விமானியாக இருந்த விமானத்திலேயே எனக்கு இடம், ஊழியர் குடும்பத்துக்கான சலுகை டிக்கெட். பக்கத்து இருக்கை அம்மாளிடம் "பைலட்டு என் மவன்தான்" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். மூடுபனியால் புறப்பாடு தள்ளிப்போய் மதியம் ஆகியிருந்தது. வெயில் ஏறினால் காற்று லேசாகிவிடுமாம், விமானம் தூக்கும் எடையும் குறையுமாம்.

கதவை மூடுமுன் கதிர் வந்தான். "அம்மா, கணக்கு இடிக்குது. இந்தச் சூட்டுல ஒரு இன்ஜின் போச்சுன்னா இவ்ளோ எடையோட மலையத் தாண்ட முடியாது. சலுகை டிக்கெட்டுதான் மொதல்ல எறங்கணும். நாளைக்குக் காலையில வாங்க."

"டேய், நான் உன் அம்மாடா."

"தெரியும்மா. எறங்குங்க."

மானம் போயிற்று. அந்த அம்மாள் முகத்தைப் பார்க்காமல் இறங்கினேன். என்னோடு இன்னும் சிலர் இறங்கினார்கள், எங்கள் பெட்டிகளும் இறங்கின. கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். விமானம் ஓடி எழும்பி, மலையோரமாகத் திரும்பி மறைந்தது. இரண்டு இன்ஜினும் நன்றாகத்தான் ஓடின.

மறுநாள் காலை விமானத்தில் கிளம்பிக் கிள்ளான் வந்தேன். லிட்டில் இந்தியா நெரிசலில் ஒரு லோரி, நுழைய முடியாத சந்தில் நுழைந்துகொண்டிருந்தது. "ஒண்ணும் ஆவாது லா" என்பதுதான் எங்கள் ஊர்க் கணக்கு. நானும் அப்படியே வளர்ந்தவள்தான்.

வீட்டுக்கு வந்ததும் கதிர் போன் செய்தான். "கோவமா இருக்கீங்களாம்மா?"

"இருக்காதா? பெத்தவளையே எறக்கிவிட்டுட்ட."

"வேலைய விடச் சொன்னீங்களே..."

"வேணாம்டா. அந்த விமானத்துல ஏறுறவங்களுக்கும் அம்மா இருப்பாங்க. நீயே ஓட்டு."