தண்ணீர் வராத வாரத்தில் ஒரு பழைய கார்

பழைய காருக்குப் பெயின்ட் அடிக்கிறவனிடம் வருகிற எல்லாரும், "வண்டி சூப்பரா இருக்குது, கலர்தான் லேசா மங்கிடுச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒரு கோட்டிங் அடித்தால் போதும் என்பார்கள். அடியில் கை வைத்தால் பிஸ்கட் மாதிரி உதிரும். நீங்களும் ஒரு பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் என்றால் நான் சொல்வது புரியும்.

எங்கள் ஷெட் கோலார் தங்கச் சுரங்க ஊரில், மைசூர் மைன்ஸ் பகுதியில் இருக்கிறது. பெயின்டிங் நான். டிங்கரிங் செல்வராஜ் அண்ணன். மைன் மூடுகிற வரைக்கும் அண்டர்கிரவுண்டில் டிரில் பிடித்தவர். அந்தக் கல் தூசி அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. இனி தூசிப் பக்கமே போகக் கூடாது, போனால் இருக்கிற மூச்சும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தூசி இல்லாத டிங்கரிங் வேலை எந்த ஊரில் இருக்கிறது?

ஒரிஜினல்

பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கும் ஒருவர் பச்சை அம்பாசடர் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு மாதத்தில் பழைய கார்களின் ராலி இருக்கிறது, அதற்குள் வேண்டும் என்றார். கார் செய்தபோது அடித்த பெயின்ட் அப்படியே இருக்கிறது என்று ஒரே பெருமை.

செல்வராஜ் அண்ணன் விரல் முட்டியால் ரூஃபில் ஆரம்பித்து டிக்கி வரைக்கும் தட்டிக்கொண்டே போனார். கீழே சுரங்கத்தில் இருந்தபோது தலைக்கு மேலே உள்ள பாறையைக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்தே விழுமா நிற்குமா என்று சொன்ன மனுஷன். நல்ல தகரம் என்றால் டங்கென்று கேட்கும். இந்த வண்டியில் நாலு கதவும் பொத்பொத் என்றன. விரல் கனத்துக்குப் பட்டிப் பசை பூசி மேலே பச்சை அடித்திருந்தார்கள். அண்ணன் ஸ்க்ரூடிரைவரை லேசாக அழுத்தினார், அது பட்டியையும் துருவையும் தாண்டி கதவுக்குள்ளேயே போய்விட்டது. கார்க்காரர் எட்டிப் பார்த்துவிட்டு என் காதோரம் வந்து சொன்னார்: "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க, வீட்ல ஒரிஜினல்னு சொல்லி வெச்சிருக்கேன்."

மாஸ்க்

துருப்பிடித்ததை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்தோம். அதற்கு மேல் மெல்லிசாகப் பட்டி. பட்டி காய்ந்ததும் தேய்க்க வேண்டும், எமனே அங்கேதான் இருக்கிறான். காய்ந்தபடியே தேய்த்தால் அரை நாள் வேலை, ஆனால் ஷெட் முழுக்க மாவு மில் மாதிரி ஆகிவிடும். தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்தால் இரண்டு நாள் ஆகும். அண்ணன் ஒரு நாளும் தண்ணீர் இல்லாமல் பேப்பரைத் தொட்டதில்லை.

ஒரு மாஸ்க் வாங்கி வந்து கொடுத்தேன். பத்து நிமிஷம் போட்டிருந்தார். முகம் கறுத்துவிட்டது. கழற்றி ஸ்டீயரிங்கில் மாட்டிவிட்டு, பக்கெட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "இருக்கிற மூச்சையும் இது புடிச்சுக்குது தம்பி, எனக்குத் தண்ணியே போதும், தண்ணி ஊத்துனா தூசி சேறாயிடும், சேறு மூக்குல ஏறாது."

மேட்டுக் காற்று

எங்கள் ஊரில் பெயின்ட் அடிக்கிறவனுக்கு இன்னொரு சாபமும் உண்டு. தங்கம் பிரித்த பிறகு மைனிலிருந்து வெளியே கொட்டிய சைனைடு மண் மேடு மேடாக நிற்கிறது. காற்று கிளம்பினால் அந்த மண் வீடு, சோறு, கண் எல்லாவற்றிலும் வந்து உட்காரும். ராலிக்கு நாலு நாள் இருக்கும்போது, நாலு கதவுக்கும் கடைசி கோட்டிங் அடித்து முடித்தேன். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே காற்று கிளம்பிவிட்டது. கட்டியிருந்த தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு போயிற்று. காய்ந்த பிறகு தடவிப் பார்த்தால் கதவுகள் உப்புத்தாள் மாதிரி இருந்தன. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

மறுபடியும் தேய்க்க வேண்டும். அந்த வாரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. டேங்கர்காரரைப் போய்க் கெஞ்சினேன். டேங்கரைச் சுற்றிக் குடங்களோடு நாற்பது பெண்கள் நின்றிருந்தார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாப்பா, ஜனங்களுக்குக் குடிக்கவே இல்ல, நீ காரைக் குளிப்பாட்டக் கேக்குற?"

ஒரு நாள்

கார்க்காரர் மணிக்கொரு போன். ராலி போனால் போகட்டும், அடுத்த வருஷம் பாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பேர் கெட்டுவிடும் என்ற பயம். அண்ணனிடம் போய், "அண்ணே, இந்த ஒரு நாள் காய்ஞ்சதாவே தேய்ச்சிடலாம், இடது பக்கம் நான், வலது பக்கம் நீங்க" என்றேன். சொன்னது நான்தான். வேறு யாரும் சொல்லவில்லை.

அவர் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரில் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டார். அரை மணியில் துண்டு காய்ந்துவிட்டது. அவர் டிரில் பிடித்து உடைத்த அதே பாறையின் மண், பெயின்டோடு உரிந்து அவர் முகத்துக்கே எழும்பியது. மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொரு இழுப்புக்கும் நின்று மூச்சு வாங்கினார். போதும் அண்ணே என்று நான் சொன்னபோது வலது பக்கம் முடிந்திருந்தது. துண்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "அண்டர்கிரவுண்டுல எங்க மேஸ்திரியும் இப்டித்தான் சொல்வாரு, இன்னிக்கு ஒரு நாள்னு."

வராந்தா

மறுநாள் நான் கோட்டிங் அடித்து வண்டியை அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் அண்ணனுக்கு மூச்சுத் திணறி, கோலாரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது பல வருஷத்துத் தூசி, ஒரு நாளில் வந்ததில்லை என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரோ என்னவோ. எனக்கு ஆறுதலாக இல்லை. பல வருஷத் தூசியோடு பல வருஷம் நடமாடியவர்தானே.

உள்ளே ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தது. வராந்தாவில் நிற்கும்போது கார்க்காரர் போன் செய்தார். பின்னால் பாட்டுச் சத்தம், கைதட்டல். அவரைக் குறை சொல்லவும் முடியாது, விஷயம் அவருக்குத் தெரியாது. நான் ஹலோ சொல்வதற்குள் சந்தோஷத்தில் கத்தினார்: "ஒரிஜினல் பெயின்ட்டுன்னு நமக்குப் பரிசு கொடுத்துட்டாங்க சார்!"

ஸ்கெலட்டன்

அண்ணன் வீடு திரும்பவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஸ்கெலட்டன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் வீட்டுக்குப் போனேன். புத்தர் படத்துக்குக் கீழே அவர் போட்டோ வைத்து மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். அண்ணன் மனைவி சரோஜா அக்கா டீ கொண்டுவந்து கொடுத்தார். திட்டுவார், அறைவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். ஒன்றுமில்லை. தண்ணீர் கிடைக்காமல்தான் அப்படித் தேய்த்தோம் என்று நானாகவே ஆரம்பித்தேன். டேங்கர்காரர் சொன்னதையும் சொன்னேன்.

அக்கா முடிகிற வரைக்கும் கேட்டார். பிறகு வாசலில் மூடி போட்டிருந்த நீல ட்ரம்மைப் பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "அன்னிக்குக் காத்தால அவரு கெளம்பினதுமே எங்க தெரு கொழாயில தண்ணி வுட்டாங்களே தம்பி, ஒரு போன் பண்ணியிருந்தா நாலு கொடம் ஆட்டோல போட்டு எடுத்தாந்திருப்பேனே."

இப்போது என் ஷெட்டில் இரண்டு ட்ரம் நிறையத் தண்ணீர் இருக்கிறது, தேய்க்கத்தான் ஆள் இல்லை.