பாலை விட்டவளின் முதுகு

தண்ணீர் வடிகட்டும்போதுதான் அது நேர்ந்தது. எங்கள் சமண வீடுகளில் வடிகட்டாத தண்ணீரை வாயில் வைப்பதில்லை. தவலையின் வாயில் வெள்ளைத் துணியை இரட்டையாக மடித்துக் கட்டிவிட்டு, குனிந்து குடத்தைச் சாய்த்தேன். நடுமுதுகில் ஏதோ நொறுங்கியது. மல்லாட்டை என்று இந்தப் பக்கம் சொல்கிற வேர்க்கடலையை விரலிடுக்கில் உடைக்கும் சத்தம் அது. குடம் உருண்டு தண்ணீர் முற்றமெல்லாம் ஓடியது. என்னால் உட்காரவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை.

சுளுக்கு என்றார்கள். எண்ணெய் தேய்த்து, வெளிச்சம் வராத உள்ளறையில் கிடத்தினார்கள். எங்கள் ஊர்க் கோட்டை மலைமேல் ஒரு மேகம் ஏறினால்கூட வாசலுக்கு ஓடிப் பார்க்கிறவள் நான். குழம்பு கொதிக்கும் நேரத்தில் நாலு வரி எழுதிவிட்டு, அது அடிப்பிடித்த பிறகு திரும்பி வருகிறவள். அப்படிப்பட்டவள் அந்த மழைக்காலம் முழுக்க உத்தரத்தைப் பார்த்துக் கிடந்தேன். இதே வலியோடு படுத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: அந்தப் படுக்கை என் முதுகுக்கு நல்லது எதையும் செய்யவில்லை.

வலி சற்றுத் தணிந்த ஒரு நாள் எழுந்து துணி உலர்த்தப் போனேன். முற்றத்துக் கொடி கைக்கு எட்டவில்லை.

"இன்னாங்க, கொடிய ஏத்திக் கட்டிட்டீங்களா?"

"நான் எதுக்குக் கட்டறேன்? நீதான் எறங்கிட்டே," என்றார் என் கணவர். விளையாட்டாகத்தான் சொன்னார். சொன்னவர் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். மறுநாள் காலை பாண்டிச்சேரி பஸ்ஸில் இருந்தோம்.

சீட்டில் கோணியை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்திருந்தார். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம், "டிரைவரண்ணே, இது மூட்டை இல்ல, பொம்பள," என்று குரல் கொடுத்தார். அவருக்கு மல்லாட்டை மண்டி. மூட்டைகளிடமும் அவர் அப்படித்தான் கரிசனமாக இருப்பார்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு மெலிவு (வெளிவடிவம் அப்படியே இருக்க, உள்ளே சத்துக் குறைந்து சல்லடைபோல் ஆவது). முள்ளெலும்பு (முதுகுத்தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் எலும்பு) ஒன்று முன்பக்கம் நசுங்கியிருந்தது. சில வருடம் முன்பு எனக்குக் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இது சீக்கிரமே வரும் என்றார்.

"சாவியா போயிட்டுதுன்னு சொல்லுங்க," என்றார் இவர். "மேல பார்த்தா காய், உள்ள பருப்பு சுருங்கி இருக்கும். நாங்க காதுகிட்ட ஆட்டிப் பார்த்தே கண்டுபுடிச்சிடுவோம்."

"உங்க சம்சாரத்தை ஆட்டிப் பார்த்துடாதீங்க," என்றார் டாக்டரம்மா.

அந்த நாளில் இதற்கென்று எழுதிக் கொடுக்கும்படியான மருந்து எதுவும் இல்லை என்று மறைக்காமல் சொன்னார். படுக்கையை விட வேண்டும். காலை வெயிலில் நடக்க வேண்டும். இடுப்பை வளைத்துக் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. கேழ்வரகு, கீரை, எள். அப்புறம் தினமும் பால், தயிர்.

கடைசி இரண்டு சொற்களில் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இவர் மஞ்சள்காமாலையில் கிடந்த வருடம், கோயிலில் நின்று ஆயுளுக்கும் பாலை விட்டுவிட்டேன். பாலோடு தயிரும் மோரும் போயின. பால், நெய், வெல்லம், உப்பு என்று சுவைகளில் ஒன்றை விடுவது எங்களில் வழக்கமான விரதம். இவர் பிழைத்துக்கொண்டார்.

"எனக்காவ உட்டதுதானே? நான்தான் கல்லாட்டம் இருக்கறனே. குடி," என்றார் திரும்பும்போது.

"வெரதத்தப் பாதியில உட்டு, உங்களுக்கு ஒண்ணு ஆனா?"

படித்தவர்கள் சிரிக்கலாம். எனக்கு அது சிரிப்பாக இல்லை. முதுகு என்னுடையது. அந்தப் பாலில் இருந்தது அவருடைய உயிர்.

மறுநாள் காலை காப்பியை நீட்டினேன். டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"எனக்குக் கடுங்காப்பி போடு."

"இது இன்னா புதுசா?"

"நீ குடிக்கிற அன்னிக்கு நானும் குடிக்கிறேன்."

கள்ளிச்சொட்டாய்க் கெட்டிப் பால் விட்ட காப்பிக்காகவே கண் விழிக்கிறவர் அவர். கடுங்காப்பியை வேப்பெண்ணெய்போல விழுங்கினார். தயிர் இல்லாமல் ரசத்தோடு எழுந்தார். கோபமாகப் பேசவில்லை. ஒட்டடைக்கோலில் துடைப்பத்தைக் கட்டி, குனியாமல் பெருக்கக் கொடுத்தார். தண்ணீரை அவரே வடிகட்டினார். பாதி தவலைக்குள், பாதி தரையில்.

காலையில் கோட்டைச் சாலையில் நடத்திக் கூட்டிப்போனார். தன் நடையை என் நடைக்குக் குறைத்துக்கொண்டார். எங்கள் ஊர் மலைகள் பாறைமேல் பாறையாக அடுக்கியவை. இடையில் சாந்து கிடையாது. ஒன்று சரிந்த இடத்தில் மற்றொன்று தோள் கொடுத்து நிற்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பிறந்ததிலிருந்து பார்த்த மலை. என் முதுகின் உட்புறத்தைப் பார்ப்பதுபோல் அப்போதுதான் பார்த்தேன்.

நடக்க நடக்க எனக்குத் தெம்பு வந்தது. அவருக்குக் கன்னம் ஒட்டியது. யாருக்காகப் பாலை விட்டேனோ அவருக்கே பால் இல்லை. பயம் இப்போது இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. கோயிலில் பூசை செய்யும் உபாத்தியாயரிடம் போனேன்.

"பாலை எடுத்துக்கிட்டு வேற ஒண்ண உடலாமா?"

"உடலாம்மா. ஆனா லேசானதா பார்த்து உடாதீங்க."

வெல்லத்தை விட்டேன். வறுத்த மல்லாட்டையோடு வெல்லத்தைக் கடித்தபடிதான் நான் எழுதியதெல்லாம். உபாத்தியாயருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

"நல்ல வேளை, உப்ப உடல," என்றார் இவர். "நானும் சேர்ந்து செத்திருப்பேன்."

பொழுது சாய்ந்தபின் நாங்கள் சாப்பிடுவதில்லை. அன்று மண்டியிலிருந்து வெயில் இறங்குமுன் ஓடிவந்தார். பல வருடம் கழித்துப் பால் டம்ளரை வாயில் வைத்தேன். அவர் தன் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் தொண்டையையே பார்த்தார்.

"உள்ள போச்சா?"

போனது. அதன்பிறகுதான் அவர் வாய் வைத்தார்.

பால் என்னைக் குணப்படுத்தியது என்று எழுத மாட்டேன். வலி குறைந்தது. இதுவரை வேறு எலும்பு நொறுங்கவில்லை. ஒருக்களித்து, கையூன்றி எழுகிறேன். முன்பு நாளுக்கு முன்னால் ஓடுவேன். இப்போது நாள் என்னோடு நடக்கிறது. மேகம் ஏறினால் வாசலுக்கு ஓடுவதில்லை. போய்ச் சேர்வதற்குள் கலைந்துவிட்டால், அடுத்ததைப் பார்க்கிறேன்.

மாசி மாதம் ஒரு காலை, துணி உலர்த்தக் கையைத் தூக்கினேன். கொடி எட்டியது.

"இன்னாங்க, கொடி எட்டுது."

"பாலு வேலை செய்யுது," என்றார் உள்ளிருந்து. குரலில் ரொம்ப சாதுவான அக்கறை.

சுவரைப் பார்த்தேன். கொடி கட்டிய ஆணிக்கு ஒரு சாண் மேலே, பழைய ஆணியின் ஓட்டை. அதில் சுண்ணாம்பை அப்பி மூடியிருந்தது. அது இன்னும் முழுசாகக் காயவில்லை. எக்கி, விரல் நுனியால் அதைத் தொட்டேன். ஈரம் ஒட்டியது.

அவருடைய சட்டையை உதறி, எட்டிய உயரத்தில் போட்டேன்.