மாங்காய்ப் பாலுக்குப் போட்ட சட்டை

முதலமடையில் அந்த வருஷத்தின் முதல் மாங்காய் லோடு ஏறுகிற நாள். கொட்டகை முழுக்கக் கல்யாண வீட்டுக் கூச்சல்! தரம் பிரிக்கப் புதிதாக ஒரு திருநங்கை வந்திருந்தார். நெடுநெடுவென்று உயரம், நெற்றி நிறையக் குங்குமம். காயை எடுப்பார், காம்பை ஒரு முறை முகர்வார், திரும்பிப் பார்க்காமலேயே சரியான பெட்டிக்குள் உருட்டிவிடுவார். என்ன வேகம்! நான் ஒரு பெட்டி நிரப்புவதற்குள் அவர் மூன்றை முடித்துவிட்டார்.

ஆனால் சேலைக்கு மேல் அவர் போட்டிருந்த கட்டம்போட்ட முழுக்கைச் சட்டை என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டே விட்டேன்.

“ஏனுங்க, பொம்பளையா வாழோணும்னு வந்துட்டு, எதுக்குங்க இந்த ஆம்பளச் சட்டை?”

அவர் கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மாங்காப் பால் பட்டாக் கை வெந்துருமில்லீங்க? அது கெடக்கட்டும். நீங்க போட்டிருக்கறது யாரு சட்டைங்க அக்கா?”

“எங்க ஊட்டுக்காரரோடது.”

சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன். சுற்றிலும் பார்த்தேன். அங்கே வேலை செய்த அத்தனை பெண்களும் சேலைக்கு மேல் ஆண் சட்டைதான் போட்டிருந்தோம். அவர் கொட்டகையே திரும்பும்படி சிரித்தார். மடிந்து கிடந்த என் காலரை நிமிர்த்திவிட்டு, அடுத்த காயை எடுத்தார்.

எட்டு வருஷமாக அந்தச் சட்டையைப் போடுகிறேன். அது ஆம்பளச் சட்டை என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியிருக்குமா?