கடைசி யாரு?

சிதம்பரம் பக்கத்துக் கிள்ளையில் முப்பது வருஷம் மீன் விற்றவள் நான். அந்த வீறாப்போடுதான் ஸ்பெயினில் மகள் வீட்டில் இருக்கப் போனேன்.

முதல் வாரம், மகள் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் மீன்கடைக்குள் நுழைந்தேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், ஆனால் வரிசை இல்லை. ஒருவர் சுவரில் சாய்ந்திருந்தார், இருவர் கதை பேசினார்கள். வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்து, மிச்சமிருந்த மத்தி மீன் மொத்தத்தையும் கைகாட்டினேன். கடைக்காரர் தயங்கி, கம்பு ஊன்றி நின்ற கிழவியைப் பார்த்தார். கிழவி சிரித்து, சரியென்று தலையாட்டினார். மீன் என் பைக்கு வந்தது.

உள்ளே வந்து விசாரித்த மகள் பதறிவிட்டாள். "யம்மா, என்னா பண்ணிட்ட? இங்க வர்றவுங்க 'கடைசி யாரு'ன்னு கேட்டுக்குவாங்க. அவுங்களுக்கு அப்புறம் நம்ம முறை. இப்ப அந்தப் பாட்டியோட முறை."

"எங்கிட்ட யாரும் சொல்லலியே?"

"நீ யாரையாச்சும் கேட்டியா?"

பையைக் கிழவியிடம் நீட்டினேன். அவர் என் கையை மெல்லத் தள்ளி ஏதோ சொன்னார்.

"ஊருக்குப் புதுசு, இன்னிக்கு அவுங்களே சாப்பிடட்டுங்கறாங்கம்மா."

கூனிக் குறுகிப் போனேன். கிள்ளையில் ஒருநாள் புவனகிரிக்காரி ஒருத்தி, படகுத்துறைக்குப் புதிதாக விற்பனைக்கு மீன் எடுக்க வந்தவள், முறை தெரியாமல் கூடை வரிசையில் எனக்கு முன்னால் தன் கூடையை வைத்தாள். நான் அதை எட்டி உதைத்தேன். அன்று அவள் வெறுங்கூடையோடு போனாள்.

ஊர் திரும்பிவிட்டேன். இப்போது சிதம்பரம் மார்க்கெட்டில் "கடைசி யாரு?" என்று கேட்டுத்தான் நிற்கிறேன். "நீதான் ஆயா" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் புவனகிரிக்காரி எங்காவது நிற்கிறாளா என்றுதான் என் கண் தேடுகிறது.