சொன்னவன் பெயர் அந்தோணி
கப்பலில் சமையல் வேலை பார்க்கும் அந்தோணி, தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் வைத்து என்னிடம் சொன்னான்: "அண்ணாச்சி, சந்தையை நார்வேக்காரன் 'தோர்க்'னு சொல்லுதான், போலந்துக்காரன் 'தார்க்'னு சொல்லுதான். ஒண்ணுபோலல்லா இருக்கு!"

தினமும் தேதி போட்டுக் குறிப்பெழுதி, கண்ட புத்தகமெல்லாம் படிக்கிற எனக்குக் கிடைக்காதது இவனுக்குக் கிடைத்துவிட்டதே என்று வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்து தேடினேன். பழைய ஸ்லாவிய வணிகர்களின் சொல் போலந்தில் தங்கி, கடல் தாண்டி வடக்கே நார்வேக்கும் போயிருக்கிறது. எங்கள் மாதா கோயில் விழா மலரில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். அந்தச் சொற்கள் காதில் விழுந்த நாளைக்கூட அதில் குறித்தேன். சொன்னவன் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தோணி மலரைத் தூக்கிக் காட்டினான். "ஏலே, எல்லாரும் படிங்கலே! நான் சும்மா சொன்னதுக்கு அண்ணாச்சி வேரையே தோண்டி எடுத்திருக்காவ!"

சொல்லுக்காகப் பட்ட பொறாமை அங்கேயே அடங்கிவிட்டது. இப்படியொரு மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்கிற பொறாமை இன்றுவரை இருக்கிறது.